நீர்வண்ண நிலக்காட்சியில் தூண்டில்காரர்: அந்தச் சிறு உருவம் எதைக் குறிக்கிறது?

ஏரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஐந்து ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரைந்து வருகிறேன். சென்ற மாதம் நீலகிரியின் எமரால்டு ஏரியைக் காலை மூட்டத்தோடு ஒரு பெரிய தாளில் வரைந்தேன். எதிர்க்கரைச் சோலையும் அதன் நிழலும் மனத்துக்குப் பிடித்தபடி அமைந்துவிட்டன. ஆனால் நடுவில் இருந்த நீர்ப்பரப்பு வெறிச்சென்று தெரிந்ததால், எங்கள் ஆசிரியர் வழக்கமாகச் சொல்லும் யோசனைப்படி ஒரு சிறு படகையும், அதில் சிவப்புச் சட்டை அணிந்து தூண்டில் போட்டு அமர்ந்திருக்கும் ஒருவரையும் சேர்த்தேன். தூண்டில் நரம்பை வெள்ளை ஜெல் பேனாவால் இழுத்தேன். உண்மையில் அன்று காலை ஏரியில் படகும் இல்லை, தூண்டில் போட்டவரும் இல்லை.

அந்த ஓவியம் ஒரு சிறு கண்காட்சியில் மாட்டப்பட்டிருந்தபோது, வயதான அம்மா ஒருவர் அதன் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, "இவர் யாருக்காகக் காத்திருக்கிறார்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெற்றிடத்தை அடைப்பதற்காக நான் வைத்த பொட்டு அவர் கண்ணுக்கு ஒரு மனிதராகத் தெரிந்ததும், ஏரியைப் பார்க்காமல் அந்த மனிதரையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் என்னை உலுக்கிவிட்டன. அதன் பிறகு புரட்டிய ஓவியத் தொகுப்புகளில் எல்லாம், சீனச் சுருள் ஓவியங்களிலும் சரி, அமெரிக்கரான வின்ஸ்லோ ஹோமரின் நீர்வண்ணங்களிலும் சரி, அதே தூண்டில்காரர் தட்டுப்படுகிறார். இந்த உருவத்துக்கு வழிவழியாக வந்த பொருள் ஏதேனும் உண்டா? நெய்தல் பாடல்களில் பழகிய நமக்குக் கடலோரமும் மீன்வலையும் வந்தாலே இரங்கல் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதுபோல் அவர்களுக்கும் ஒரு மரபு இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மையும் நீரும்

வணக்கம் அம்மா. கண்காட்சியில் அந்த அம்மா கேட்ட கேள்வி சீன ஓவிய மரபின் நடுப்புள்ளியைத் தொட்டிருக்கிறது. அங்கே தூண்டில்காரர் இரண்டு வகை. அழைப்புக்காகக் காத்திருப்பவர் ஒருவர், அழைத்தும் போகாதவர் மற்றவர். தோற்றத்தில் இருவருக்கும் வேறுபாடு கிடையாது என்பதால், ஓவியத்தில் எவர் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முதலாமவர் ஜியாங் தைகோங். வேய் ஆற்றங்கரையில் முதுமை வரை தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய முள் வளைக்கப்படாமல் நேராக இருந்தது என்றும், அதில் இரையே இல்லை என்றும் கதை சொல்கிறது. அவர் எதிர்பார்த்தது மீனை இல்லை, தம் அறிவைப் பயன்படுத்தத் தெரிந்த ஓர் அரசனை. வேட்டைக்கு வந்த மன்னர் வென் அவரைக் கண்டு, தேரில் ஏற்றிச் சென்று அமைச்சராக்கினார் என்பது கதையின் முடிவு. இரண்டாமவர் யான் ஸீலிங். கி.பி. 25இல் ஹான் அரசை மீட்டு அரியணை ஏறிய குவாங்வு பேரரசரோடு இளமையில் ஒன்றாகப் படித்தவர். நண்பர் பேரரசரானதும் இவர் பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்தார். தேடிக் கண்டுபிடித்து அரண்மனைக்கு அழைத்துவந்து பதவி கொடுத்தபோதும் மறுத்துவிட்டு, ஃபூச்சுன் பகுதிக்குப் போய் உழவும் தூண்டிலுமாகக் காலம் கழித்தார். அவர் அமர்ந்து மீன் பிடித்ததாகச் சொல்லப்படும் பாறைத் திட்டு செஜியாங் மாநிலத்தின் தோங்லூவில் இன்றும் காட்டப்படுகிறது. ஓவியர் ஹுவாங் கோங்வாங் 1350இல் நிறைவு செய்த ஃபூச்சுன் மலைச் சுருள் ஓவியத்தில் ஆற்றின் மீது சிறு படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆற்றின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் யான் ஸீலிங்கை நினைக்காத படித்த சீனர் அக்காலத்தில் இருந்திருக்க மாட்டார்.

இவர்களுக்குப் பின்னணியாக இன்னொரு குரலும் உண்டு. நாடு கடத்தப்பட்ட கவிஞர் சூ யுவான் ஆற்றங்கரையில் வாடி நடக்கும்போது, உலகமே கலங்கியிருக்கிறது, நான் மட்டும் தெளிந்திருக்கிறேன் என்று புலம்புகிறார். அதைக் கேட்ட மீனவர் சிரித்துக்கொண்டே துடுப்பால் படகைத் தட்டி, ஆறு தெளிந்திருந்தால் தொப்பியின் நாடாவைக் கழுவலாம், ஆறு கலங்கியிருந்தால் காலைக் கழுவலாம் என்று பாடியபடி போய்விடுகிறார். நாடா கட்டிய தொப்பி அரசு அலுவலரின் அடையாளம். நல்ல ஆட்சியில் பதவியில் இரு, கெட்ட ஆட்சியில் விலகு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஓவியத்துக்கு வருகிறேன். சீன ஓவியர் மா யுவான் 1195 வாக்கில் வரைந்ததாகக் கருதப்படும் ஒரு தனித் தூண்டில்காரர் ஓவியம் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டுத் துணியில் மையும் சிறிதளவு வண்ணமும் கொண்ட ஓவியம் அது. காலத்தால் பட்டு பழுப்பேறிவிட்டது. அதில் மலை இல்லை, கரை இல்லை, மரம் இல்லை. ஒரு படகு, முன்னால் குனிந்து நரம்பையே உற்றுப் பார்க்கும் ஒரு மனிதர், படகைச் சுற்றிச் சில அலைக்கோடுகள், அவ்வளவுதான். அவர் ஒரு முனையில் அமர்ந்திருப்பதால் மறுமுனை சற்றே மேலெழும்பியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் தூண்டில் கோலில் நரம்பைச் சுற்றும் உருளை ஒன்றும் தெரியும். மீன்பிடிக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் அந்த உருளைக்காகவே இந்த ஓவியத்தைத் தேடி வருகிறார்கள். மீதிப் பட்டு முழுவதும் வெறுமை. ஆனால் அந்தச் சில கோடுகளின் துணையால் வெறுமை முழுவதும் நீராகிவிடுகிறது, குளிராகிவிடுகிறது. உங்கள் ஏரியின் நடுவில் "வெறிச்சென்று" தெரிந்த பரப்பும் அந்த மனிதர் வந்து அமர்ந்த பிறகுதான் நீராகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த ஓவியத்தைப் பார்க்கும்போது, அதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் முந்தைய லியூ சோங்யுவானின் இருபதே எழுத்துகளாலான கவிதை பலருக்கும் நினைவுக்கு வரும். மலைகளில் பறவை இல்லை, பாதைகளில் மனிதச் சுவடு இல்லை, புல்லால் வேய்ந்த மழையாடை அணிந்த கிழவர் ஒருவர் தனிப் படகில் பனி விழும் ஆற்றில் தூண்டில் போடுகிறார். 805இல் அரசியல் சீர்திருத்தம் தோற்றதால் தொலைதூர யோங்ஜோவுக்கு அனுப்பப்பட்டவர் லியூ. அந்தக் கிழவர் யார் என்று அவருடைய வாசகர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

நெய்தலோடு ஒப்பிட்டிருந்தீர்கள். எனக்கு அந்த ஒப்பீட்டில் ஒரு தயக்கம் உண்டு. நெய்தலில் வரும் பரதவர் ஊரோடும் உறவோடும் தொழிலோடும் வாழ்பவர்கள். இரங்குபவள் தலைவி. சீன ஓவியத்தில் வருபவரோ ஊரை விட்டு விலகியவர், அவருடைய தனிமையே அவருடைய சொல்.

பழுப்பு மசி

மேலே உள்ள விளக்கத்தோடு ஒரே ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். நீங்கள் அந்தத் தூண்டில்காரருக்குச் சிவப்புச் சட்டை போட்டிருக்கிறீர்கள். பசுமையும் சாம்பலும் நிறைந்த நிலக்காட்சியில் கண்ணை இழுப்பதற்கு ஒரு துளிச் சிவப்பு வைப்பது நாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சீனாவின் மிங் அரசமரபுக் காலத்து ஓவியர் தாய் ஜின் (1388–1462) இதே காரியத்தால் அரசவை வாழ்க்கையை இழந்ததாகப் பழைய ஓவிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இலையுதிர்கால ஆற்றில் தூண்டில் போடும் மீனவர் ஒருவரை அவர் சிவப்பு உடையில் வரைந்து அரசவையில் வைத்தார். பேரரசர் அதைப் பார்த்து மகிழும் வேளையில், பொறாமை கொண்ட சக ஓவியர் ஒருவர், சிவப்பு அரசவை அலுவலர் அணியும் நிறம், அதை மீனவனுக்கு உடுத்தியது மரியாதைக் குறைவு என்று சொல்லிவிட்டார். தாய் ஜின் அரசவையை விட்டு வெளியேற நேர்ந்தது. பிற்காலத்தில் ஹாங்ஜோவில் வறுமையில் வாழ்ந்தார். கதையில் மிகை கலந்திருக்கலாம். இருந்தாலும், பதவியைத் துறந்தவரின் உருவம் என்று எல்லோரும் அறிந்த ஒன்றுக்குப் பதவியின் நிறத்தைப் பூசினால் அது எத்தனை கூர்மையான பேச்சாகிவிடும் என்பதை அந்தக் கதையைச் சொன்னவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள்.

ஈரத்தாள்

ஹோமரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குச் சீன மரபில் பயிற்சி இல்லை. ஆனால் ஹோமரின் நீர்வண்ணங்களை இருபது ஆண்டுகளாக நகல் எடுத்துப் பழகிவருகிறேன் என்பதால், அவரைப் பற்றி விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும்.

வின்ஸ்லோ ஹோமர் (1836–1910) பாஸ்டனில் பிறந்தவர். அவருடைய தாயார் நீர்வண்ணத்தில் பூக்கள் வரைபவர். இவர் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து பிழைப்பைத் தொடங்கி, 1873இல் குளோஸ்டர் துறைமுகத்தில்தான் நீர்வண்ணத்தை முழு மனத்தோடு கையில் எடுத்தார். மீன்பிடிப்பில் அவருக்குத் தீராத ஆசை. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகளில் இருந்த ஒரு வேட்டை, மீன்பிடிச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தார். கியூபெக்கிலும் ஃபுளோரிடாவிலும் தூண்டிலோடும் வண்ணப் பெட்டியோடும் திரிந்தார். ஆகவே அவர் தூண்டிலை வெளியிலிருந்து பார்த்து வரைந்தவர் இல்லை. இறகால் கட்டிய பொய் ஈயை நீரின் மேல் வீசி டிரவுட் மீனைப் பிடிக்கும் முறையில் கை பழகியவர்.

நீங்கள் நரம்பை ஜெல் பேனாவால் இழுத்ததாக எழுதியதைப் படித்தவுடன் எனக்கு ஹோமரின் நரம்புதான் நினைவுக்கு வந்தது. அவருடைய அடிரோண்டாக் ஓவியங்கள் பலவற்றில் காற்றில் சுழலும் வெள்ளை நரம்பு வண்ணமே இல்லை. இருண்ட காட்டை அடர்த்தியாகப் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகு, கத்தி முனையால் தாளின் மேற்பரப்பைச் சுரண்டி உள்ளிருக்கும் வெண்மையை வெளியே எடுத்திருக்கிறார். சுரண்டிய இடத்தின் மேல் மறுபடி வண்ணம் வைத்தால் அது அழுக்குப் போல ஊறிப் பரவும், ஆகையால் திருத்த வழி கிடையாது. தோள்பட்டையிலிருந்து ஒரே வீச்சில் கை போய்வர வேண்டும். தூண்டில் வீசுவதும் அப்படித்தான், வீசிய பிறகு வளைவை மாற்ற முடியாது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் 1894ஆம் ஆண்டின் தூண்டில் வீச்சு ஓவியத்தில், பின்னணிக் காடு அத்தனையும் இருண்டு அசையாமல் நிற்கும்போது நரம்பின் வளைவு மட்டும் உயிரோடு நெளிவதைக் காணலாம். காட்டை விடவும் மலையை விடவும் பெரிய வேலை ஒன்றை அந்த மயிரிழை செய்கிறது. மனிதனையும் ஏரியையும் அது ஒரு நொடி கட்டிவைக்கிறது. பிறகு விழுந்துவிடும்.

இதற்கு நேர்மாறான ஓவியங்களும் அவரிடம் உண்டு. 1889 வாக்கில் துள்ளும் டிரவுட் மீன்களை வரிசையாக வரைந்தார். மீன் தாளின் முன்பகுதியை நிறைத்துக்கொண்டு, வயிறு பொன்னாக மின்ன, நீரை விட்டு எழும்பியிருக்கும். தூண்டில்காரர் எங்கோ ஒரு மூலையில் புள்ளியாக இருப்பார், சிலவற்றில் இருக்கவே மாட்டார். மீன் அத்தனை அழகாகத் தெரிவது, ஏரிக்கு மேல் அது இருக்கக் கூடாத அந்த நொடியில்தான். அதற்கு அடுத்த நொடியை ஹோமர் வரையவில்லை. சிறுவயதில் ஓடையில் நான் பிடித்த கெண்டை ஒன்று புல்லில் கிடந்து நிறம் மங்கியதைக் கண் முன்னால் பார்த்திருக்கிறேன். அந்த ஓவியங்களை நகல் எடுக்கும்போதெல்லாம் அது நினைவில் வந்துவிடுகிறது. சீனக் கிழவர் நேரத்தை நீட்டுகிறார் என்றால், ஹோமர் அதை ஒரு துள்ளலாகக் குறுக்கிவிடுகிறார். இரண்டு தாள்களிலும் நீர் ஒன்றுதான்.

காலப் பின்னணியையும் மறக்கக் கூடாது. அந்தக் காடுகள் அப்போது வேகமாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன. 1892இல் அடிரோண்டாக் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1894இல் நியூயார்க் மாநில அரசியலமைப்பிலேயே அந்த அரசுக் காடுகள் என்றும் காடாகவே இருக்க வேண்டும் என்ற விதி சேர்ந்தது. ஹோமரின் ஏரிக்கரைகளில் மொட்டை மரங்களும் வெட்டுண்ட அடிமரங்களும் அடிக்கடி வருவதற்கு இதுதான் காரணம். தூண்டில்காரரின் அமைதி அவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது.

சிவப்பைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு: ஹோமர் பயன்படுத்திய சிவப்புகளில் சில வெளிச்சத்தில் வெளுத்துவிட்டன. சிக்காகோ கலைக்கூடத்தில் உள்ள 1887ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில் இன்று வெறுமையாகத் தெரியும் வானம், ஒரு காலத்தில் சிவந்த அந்தி வானமாக இருந்தது என்று ஆய்வில் கண்டுபிடித்தார்கள். ஆகவே எளிதில் வெளுக்கும் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பைப் பூசியிருந்தால், உங்கள் தூண்டில்காரரின் சட்டையை வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். அடுத்த முறை குயினக்ரிடோன் அல்லது பைரால் சிவப்பை முயன்று பாருங்கள்.

கரைவலை

அனைவரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். ஓவியத்தில் மீன்பிடிப்பு என்றாலே துறவு, தனிமை, காத்திருப்பு என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். மேலே சொன்ன யான் ஸீலிங் பேரரசரின் நண்பர், ஜியாங் தைகோங் அமைச்சராகப் போகிறவர், ஹோமர் சங்க உறுப்பினர். அன்றைக்கு மீன் கிடைக்காவிட்டால் இவர்களில் எவர் வீட்டிலும் அடுப்பு அணைந்திருக்காது. என் தந்தை ஒருபோதும் அப்படிக் குனிந்து நீரை ரசித்துக்கொண்டிருந்ததில்லை. நீரைப் பார்த்தால் அவர் கண்ணுக்கு நீரோட்டம்தான் தெரியும்.

அதனால் ஹோமரிடம் எனக்குப் பிடித்தவை, 1881, 1882ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் கல்லர்கோட்ஸ் என்ற மீனவக் கிராமத்தில் தங்கி அவர் வரைந்த நீர்வண்ணங்களே. அங்கே தூண்டில் கோல் இல்லை. வலை செப்பனிடும் பெண்கள், கூடை சுமக்கும் பெண்கள், கடலைப் பார்த்து நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். இரை பொறுக்குவதும் தூண்டில் வரிசைகளில் இரை கோப்பதும் மீனை விற்பதும் அவர்களுடைய வேலையாக இருந்தது. காற்றில் பாவாடை அடித்துக்கொள்ள, கூடையின் கனத்துக்கு எதிராக இடுப்பை ஒடித்து அவர்கள் நிற்கும் நிலையை ஹோமர் கவனித்து வரைந்திருக்கிறார். அந்த நிலை எனக்குத் தெரியும், எங்கள் அம்மாவும் அப்படித்தான் நிற்பார். அவர்களும் காத்திருக்கிறார்கள்தான். ஆனால் அரசனின் தேருக்காகக் காத்திருக்கவில்லை. 1881 அக்டோபரில் டைன் ஆற்று முகத்தில் அயர்ன் கிரவுன் என்ற கப்பல் தரைதட்டியதை ஹோமரே கரையில் நின்று பார்த்து வரைந்தார். அப்படிப்பட்ட கரையில் காத்திருப்பது குறியீடாவதற்கு முன்பே அன்றாடமாக இருந்தது.

மையும் நீரும்

கரைவலை அவர்களுக்கு, நீங்கள் சொன்னதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. சீன ஓவியத்தின் தூண்டில்காரர் பெரும்பாலும் மீனவர் வேடமிட்ட படிப்பாளிதான், அதை அவர்களே அறிந்திருந்தார்கள். வூ ஜென் (1280–1354) மங்கோலிய ஆட்சிக் காலத்தில் பதவி எதையும் நாடாமல், குறி சொல்லிப் பிழைத்ததாகக் கூறப்படும் ஓவியர். வாழ்நாள் முழுவதும் மீனவர்களையே திரும்பத் திரும்ப வரைந்தார். தைபேயில் இருக்கும் தோங்திங் ஏரி ஓவியத்தின் மேல் அவர் எழுதிய பாட்டு, பெர்ச் மீனை மட்டுமே பிடிப்பேன், பெயரைப் பிடிக்க மாட்டேன் என்று முடிகிறது. பசிக்குப் பிடிப்பவர் அப்படி ஒரு வாக்கியத்தை எழுத வேண்டிய தேவையே இல்லை. பெயர் என்ற ஆசை தொட்டுப் பார்த்தவருக்குத்தான் அந்த மறுப்பு வேண்டியிருக்கிறது. தாய் ஜின்னைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருந்தார். அவர் வரைந்த நீண்ட சுருள் ஒன்று வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உண்டு. அதில் வலை இழுப்பவர்களும் படகில் உண்பவர்களுமாக உழைக்கும் மீனவர்கள் நிறைந்திருக்கிறார்கள். நீங்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஏரிக்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கரைவலை அக்கா எழுதியதைப் படித்த பிறகு என் ஓவியத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் வரைந்த மனிதர் முதுகை நேராக வைத்து, கோலைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறார். அவர் தூண்டில் பிடித்துப் பழகியவர் இல்லை என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடுகிறது. அவருடைய படகு இரு முனையிலும் ஒரே மட்டத்தில் மிதக்கிறது, அவருக்கு எடையே இல்லாததுபோல.

அதே காட்சியை 300 ஜிஎஸ்எம் கொண்ட தடித்த பருத்தித் தாளில் புதிதாக வரைந்திருக்கிறேன். சட்டைக்குச் சிவப்பைத் தவிர்த்து, சோலை நிழலில் எடுத்த அதே பழுப்பையே பூசினேன். அவரை ஒரு முனைக்குத் தள்ளி மறுமுனையைச் சற்று உயர்த்தினேன். இரவு முழுக்கக் காயவிட்டு, ஈரத்தாள் ஐயா சொன்னபடி புது பிளேடின் முனையால் நரம்பைச் சுரண்டினேன். பாதி தூரம் நன்றாக வந்தது. நீரைத் தொடும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் தாளின் இழை கிளம்பி, நரம்பு அறுந்ததுபோல் நின்றுவிட்டது. வெள்ளை வண்ணத்தால் இணைக்கத் தூரிகையை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். அந்த அம்மா அடுத்த கண்காட்சிக்கும் வந்தால், இந்த ஓவியத்தின் முன் அவரை அழைத்துச் சென்று நிறுத்த நினைத்திருக்கிறேன்.